பாட்டில் வாங்கும் முன் மண்ணைத் தொடுங்கள்: வீட்டுத் தோட்டக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

முதல் வருடம் தோட்டச் செலவை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் விதைக்கும் தொட்டிக்கும் ஆனதைவிட, இலை மஞ்சளானதும் பதறிப்போய் வாங்கிய பாட்டில்களுக்கு ஆனதுதான் அதிகம். பூக்க ஒன்று, பூச்சிக்கு ஒன்று, வேர் விட ஒன்று. அந்தச் செடிகளில் பாதிக்கு மேல் இருந்த நோய் ஒன்றே ஒன்றுதான்: நான் ஊற்றிய தண்ணீர்.

அதனால் இந்த வழிமுறையில் மருந்து கடைசியாகத்தான் வரும். என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதற்குக் காசு ஆகாது. தப்பாகக் கண்டுபிடித்தால்தான் ஆகும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும். உள்ளே சகதியாக இருக்கும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. தொட்டி என்றால் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துக் கனத்தைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் விரல்கூடத் தேவைப்படாது.

அடுத்து, கெட்டிருப்பது எந்த இலை என்று பாருங்கள். அடியிலையா, குருத்தா? இந்த ஒரு கேள்வி பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். பிறகு, ஒரு வகைச் செடி மட்டும் கெட்டிருக்கிறதா, எல்லாமே சோர்ந்திருக்கிறதா? தக்காளி, வெண்டை, கீரை எல்லாம் ஒரே நேரத்தில் முகம் வாடினால் பூச்சியைத் தேடாதீர்கள். தண்ணீர், மண், வெயில் மூன்றில் ஒன்றுதான் காரணம். கடைசியாக இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும்.

விதை முளைக்கவே இல்லை

பழைய விதையாக இருக்கலாம். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே முளைப்புத் திறன் சரியும். வெண்டையும் நீண்ட நாள் தாங்காது. தக்காளி, வெள்ளரி விதைகளை உலர்வாக, குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால் நான்கு வருடம்கூடப் போகும். சந்தேகம் இருந்தால் 10 விதையை ஈரத் துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். எட்டு முளைத்தால் விதையில் குறையில்லை. நான்கைந்துதான் முளைத்தால் இரண்டு மடங்காகப் போடுங்கள். ஒன்றிரண்டு என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். மிளகாய்க்கு மட்டும் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும்.

விதை நல்லது, மண்ணில்தான் முளைக்கவில்லை என்றால் ஆழம் தப்பாக இருக்கும். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையைப் புதைக்கவே கூடாது. மணலோடு கலந்து தூவி, மேலே ஒரு பிடி பொடிமண் போட்டால் சரி. தூவிய மறுநாள் எறும்பு வரிசை தெரிந்தால் விதை எங்கே போனது என்று கேட்க வேண்டியதில்லை. பாகல் போல ஓடு தடித்த விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள்.

நாற்று நெட்டையாகச் சாய்கிறது, அல்லது அடியில் இற்று விழுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு. தண்டு வெளிறி, நூல் போல நீண்டு, வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. உரம் போட்டால் இன்னும் நீளும். வெயிலுக்கு நகர்த்துங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. தக்காளி நாற்று மட்டும் இதில் அதிர்ஷ்டசாலி. தண்டு முழுக்க வேர் விடும் என்பதால், நெட்டையானதைக் கழுத்து வரை புதைத்து நட்டுவிடலாம்.

நேற்று நன்றாக இருந்த நாற்று இன்று மண்ணை ஒட்டிய இடத்தில் நீர் கோத்து, இற்று, படுத்துவிட்டதா? அது நாற்றழுகல், மண்ணில் இருக்கும் பூஞ்சையின் வேலை. விழுந்தது பிழைக்காது. மிச்சத்தைக் காப்பாற்றத் தண்ணீரைக் குறையுங்கள், நெருக்கத்தைக் கலையுங்கள், காற்று படும் இடத்தில் வையுங்கள். இனி நாற்றுத் தட்டுக்கு மேலே ஊற்றாமல், அடியில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து உறிஞ்சவிடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

அதிகப் பாட்டில் விற்பது இந்த அறிகுறியால்தான். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

விரல் சகதியைத் தொட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். வேருக்கு மூச்சு முட்டுகிறது. மண்ணில் சத்து இருந்தாலும் காற்றில்லாத வேரால் எடுக்க முடியாது. அதில் மேலும் உரம் போடுவது, மூழ்குகிறவன் வாயில் சோறு ஊட்டுவது மாதிரி. தண்ணீரை நிறுத்துங்கள், வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். தொட்டி அடியில் கூழாங்கல் போட்டால் நன்றாக வடியும் என்று பலர் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. பொடிமண்ணில் இருக்கும் நீர் பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்குக் கிடைக்கும் இடமும் குறையும். அந்தக் காசு மிச்சம்.

மண் சரியான ஈரத்தில் இருக்கிறது, ஆனால் அடியிலைகள் முழுதாக வெளிறி மஞ்சளாகின்றன, செடியும் சிறுத்திருக்கிறது என்றால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தை உருவி குருத்துக்கு அனுப்புகிறது, அதனால்தான் அடியில் தொடங்குகிறது. மக்கிய கம்போஸ்ட் இரண்டு கைப்பிடி, தண்டை விட்டுத் தள்ளிப் போடுங்கள். இன்னொரு வழி சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள்: சிறுநீர். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் மண்ணில் ஊற்றினால் பத்து நாளில் பச்சை திரும்பும். பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம், அடிக்கடியும் வேண்டாம். தொட்டியில் உப்பு சேரும்.

அடியிலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை. எப்சம் உப்பு ஒரு லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்தால் சரியாகும். எல்லாச் செடிக்கும் எல்லா வாரமும் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். மக்னீசியம் மிதமிஞ்சினால் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) ஏறுவது குறையும்.

அதே கோலம் குருத்திலையில் வந்தால் இரும்புச் சத்து. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை. மண் காரமாகி அதைப் பூட்டி வைத்திருக்கும். நல்லது என்று நினைத்துச் சாம்பலை அள்ளிப் போட்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். சாம்பலை நிறுத்திவிட்டுக் கம்போஸ்ட்டைக் கூட்டுங்கள்.

வெண்டையில் இதற்கு நேரெதிரான ஒரு கோலம் வரும். நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரியும், இடைப்பகுதி பச்சையாக இருக்கும். அது மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். எந்தச் சத்தும் மருந்தும் கேட்காது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். வைத்திருந்தால் பக்கத்துச் செடிக்கும் போகும்.

காய் பிடித்த செடியில் அடியில் ஓரிரு இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயது. விட்டுவிடலாம்.

தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது

நண்பகலில் வாடி, மாலையில் தானாக நிமிர்ந்தால் ஒன்றும் இல்லை. பூசணி, சுரை போன்ற அகல இலைக்காரர்கள் வெயிலில் அப்படித்தான் செய்வார்கள். இதைப் பார்த்துவிட்டு மதியம் ஒரு குடம் ஊற்றுவதால்தான் வேர் அழுகுகிறது. காலையிலும் வாடியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஊற்றிய தண்ணீர் உடனே தொட்டியின் அடியில் ஓடிவருகிறதா? முழுக்கக் காய்ந்த தென்னை நார்க்கழிவு தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிடும். தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் பிளந்த இடுக்கு வழியாக எல்லாம் வெளியேறும். நடுவில் மண் பொரி மாதிரி காய்ந்திருக்கும். சிறு தொட்டியை வாளித் தண்ணீரில் குமிழி வருவது நிற்கும் வரை அமிழ்த்தி வையுங்கள். பெரிய தொட்டிக்குப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தவணையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை திரும்பி வராது. மூடாக்குக்கு ஒரு பைசா செலவில்லை. தோட்டத்தில் நான் செய்தவற்றிலேயே அதிகப் பலன் தந்தது அதுதான்.

மண் ஈரம், இலை பச்சை, ஆனாலும் தக்காளியோ கத்தரியோ இரண்டே நாளில் மொத்தமாகத் துவண்டால் பாக்டீரியா வாடலைச் சந்தேகியுங்கள். வீட்டிலேயே சோதித்துவிடலாம். அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற நூல் இழை இறங்கினால் அதுதான். செடியை வேரோடு எடுத்துக் குப்பைக்கு அனுப்புங்கள். கம்போஸ்ட்டில் போடாதீர்கள், வெட்டிய கத்தியைக் கழுவுங்கள்.

நூல் இறங்கவில்லையா? வேரைப் பறித்துப் பாருங்கள். பழுப்பாகி, உருவினால் தோல் கழன்று, நாற்றம் அடித்தால் வேரழுகல். வேரில் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் நூற்புழு, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. இங்கே ஓர் எச்சரிக்கை: அவரை, காராமணி, பயறு வேரில் இருக்கும் சிறு உருண்டைகள் நோயல்ல. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் முடிச்சுகள் அவை. நகத்தால் தட்டினால் உதிரும், உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நூற்புழு வீக்கம் வேரோடு வேராக இருக்கும், உதிராது.

கத்தரியில் செடி முழுதும் நன்றாக இருந்து, நுனிக் கொழுந்து மட்டும் தலை கவிழ்ந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு விரல் கீழே கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அதைக் கொழுந்திலேயே பிடித்தால் காய்க்குள் போகாது. வாரம் இருமுறை இந்தக் கிள்ளல் போதும்.

மிளகாய் இலை சுருள்கிறது

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கி, படகு போல மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்த கிண்ணம் போல மடிந்தால் சிலந்திப் பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் இலைப்பேன் மெல்லிய கோடாக ஊர்வது தெரியும். சிலந்திப் பேனில் மிளகாய்க்கு வரும் இனம் கண்ணுக்கே அகப்படாது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் தண்ணீர்தான். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், அது தண்ணீரோடு கலக்கச் சில துளி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். ஒரே முறை அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்பார்கள். முட்டை பிறகுதானே பொரியும்?

ஒட்டும் இலை, வெள்ளைப் பொடி, வெள்ளைக் கோடு

இலை பிசுபிசுத்து, தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. எறும்பு அவற்றின் தித்திப்புக் கழிவுக்காகக் காவல் நிற்கும். பூச்சியை மட்டும் கழுவினால் எறும்பு காப்பாற்றிவிடும், எனவே எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள். மாவுப்பூச்சிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும்.

இலைமேல் விபூதி தூவியது போல வெள்ளை படர்ந்தால் சாம்பல் நோய். பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, வெயில் இருக்கும்போது வாரம் ஒன்றிரண்டு முறை தெளியுங்கள். இது வெறும் கைவைத்தியம் அல்ல. பிரேசிலைச் சேர்ந்த வாக்னர் பெட்டியால் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், பூசணி இனச் செடியில் பாலை இப்படித் தெளித்துப் பார்த்து நல்ல பலன் கண்டார். நோய் தலைகாட்டும்போதே தொடங்க வேண்டும். இலை முழுக்க வெளுத்த பிறகு பால் வீண்.

வளைந்து வளைந்து ஓடும் வெள்ளைக் கோடு, இலைக்குள் சுரங்கம் போடும் புழு. அந்த இலையைக் கிள்ளி நசுக்கினால் முடிந்தது.

பூக்கிறது, காய்ப்பதில்லை

சுரை, பீர்க்கு, பாகல், பூசணி, வெள்ளரி என்றால் முதலில் பூவின் அடியைப் பாருங்கள். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூவாகவே வந்து உதிரும். அது கோளாறல்ல, பொறுத்திருங்கள்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை. நீங்களே சேர்த்துவிடலாம். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். நேரம்தான் முக்கியம். பூசணி, பாகல், வெள்ளரி விடியற்காலையில் விரியும். சுரை, பீர்க்கு, புடல் மாலை மங்கும்போது விரியும். காலை ஒன்பது மணிக்குச் சுரைப் பூவைத் தேடிப் போய், வாடிய பூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் ஒரு மாதம்.

தக்காளி, மிளகாய், கத்தரியில் ஆண், பெண் உறுப்புகள் ஒரே பூவில் இருப்பதால் கொத்தை விரலால் சுண்டிவிட்டாலே போதும். சுண்டியும் உதிர்ந்தால் வெப்பமானியைப் பாருங்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவில் 24-க்குக் கீழே இறங்காவிட்டாலோ தக்காளி மகரந்தம் செயலிழக்கும். மதிய வெயிலுக்கு ஒரு பழைய மெல்லிய துணியைப் பந்தலாகக் கட்டுங்கள். பூ ஊக்கி வாங்கி வெப்பத்தைத் தோற்கடிக்க முடியாது.

வெயிலும் அதிகமில்லை, செடி மட்டும் கரும்பச்சையாகப் புதர் மண்டி நிற்கிறதா? தழைச்சத்து கூடிவிட்டது. தீனியை நிறுத்துங்கள். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் அந்த இடத்தில் கீரை போடுவதே புத்திசாலித்தனம். தொட்டி சிறிதானாலும் இதே கதி. தக்காளிக்கும் கத்தரிக்கும் 15 முதல் 20 லிட்டர் மண் வேண்டும், மிளகாய்க்கு 10.

காய் வந்தும் கெடுகிறது

தக்காளியின் அடிப்பாகம் கருத்து, குழிந்து, தோல் போல ஆனால் பூச்சியும் இல்லை, தொற்றும் இல்லை. சுண்ணாம்புச் சத்து காயின் நுனி வரை போய்ச் சேரவில்லை. சத்தைக் கொண்டுபோவது தண்ணீர். ஒருநாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று ஊற்றினால் அது அறுந்துபோகும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாலும் அது கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. தினமும் ஒரே அளவு தண்ணீர், மேலே மூடாக்கு. அடுத்த கொத்து சரியாக வரும். காய் வெடிப்பதும் இதே தண்ணீர்க் கதைதான்.

பாகல், பீர்க்கு பிஞ்சில் ஊசி குத்திய புள்ளி தெரிந்து, கோணலாகி அழுகினால் பழ ஈ. பிஞ்சு ஒரு விரல் நீளம் ஆனதும் பழைய காகிதப் பையைச் சுற்றிக் கட்டுங்கள். விழுந்த காயை மண்ணில் விடாதீர்கள், உள்ளே புழு இருக்கும். மூடிய பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

சுரைக்காய் கசந்தால் மட்டும் சமைத்துப் பார்க்கலாமே என்று யோசிக்காதீர்கள். கசப்புக்குக் காரணமான நச்சுப்பொருள் வேகவைத்தாலும் போகாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெள்ளரிக்கும் பூசணிக்கும் இதே விதி. நறுக்கியதும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். சேமித்த விதையில் இது அதிகம் நேரும், ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் பக்கத்து ரகத்தோடு மகரந்தம் எளிதில் கலந்துவிடும். வீரிய ஒட்டுரக விதையும் சேமிக்க ஆகாது. அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது. தக்காளி, மிளகாய், அவரையின் நாட்டு ரகங்களில் சேமித்தால் காசு மிஞ்சும்.

கம்போஸ்ட் நாறுகிறது, அல்லது மக்கவே இல்லை

அழுகல் நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்று இல்லை. காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டையைப் போட்டுக் கிளறுங்கள். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்தது என்று கண்ணளவில் வைத்தால் போதும். மக்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்திருக்கும், தண்ணீர் தெளியுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். கொழுத்த பழுப்புப் புழு நெளிந்தால் அருவருத்துக் கொட்டிவிடாதீர்கள், அது கழிவைத் தின்று வேலை செய்யும் ஈயின் புழு. மக்காத காய்கறித் தோலை நேரே செடித் தொட்டியில் புதைப்பதை மட்டும் தவிருங்கள். மக்கும்போது சூடாகும், காற்றையும் தழைச்சத்தையும் செடியிடமிருந்து பறித்துக்கொள்ளும்.

செடி செத்துவிட்டது, மண்ணை என்ன செய்வது?

மண்தான் விலை உயர்ந்த பொருள், எறிய வேண்டாம். தண்ணீர் அதிகமாகிச் செத்த மண்ணை உதறி, வெயிலில் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு கம்போஸ்ட் கலந்து மறுபடி நடலாம். மேலே வெள்ளை உப்புப் படிந்திருந்தால், தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

நூற்புழு இருந்த மண்ணை ஈரப்படுத்தி, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளால் ஓரம் அடைத்து மூடி, கடும் வெயில் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். கறுப்புத் தாள் இந்த அளவுக்குச் சூடேற்றாது. பாக்டீரியா வாடல் வந்த, பால் நூல் இறங்கிய செடியின் மண்ணையும் இப்படியே செய்யலாம், ஆனால் அதில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கையும் மறந்துவிட்டு வெண்டையோ அவரையோ போடுங்கள். அந்தத் தொட்டியில் ஓர் அடையாளம் கீறி வையுங்கள். அடுத்த பருவத்தில் எது எந்தத் தொட்டி என்று நினைவிருக்காது.